முன்சீட்டுக்காரி

பந்தயத்தில் எதிரே வந்தவருக்கு வண்டியை நிறுத்தி வழி விட்டவள் இந்த உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அதுவும் இந்திய அணிக்கு ஆள் எடுக்கிற பந்தயத்தில். எங்கள் தொழிற்சாலை கேன்டீனில் இதைச் சொல்லிச் சொல்லி ஒரு வாரம் சிரித்தார்கள். சிரிக்கட்டும். அவர்கள் யாரும் அன்றைக்கு அந்தச் சைக்கிளில் இல்லை. இருந்திருந்தால் சிரிப்பதற்கு வாய் வந்திருக்காது.

என் பெயர் உமாராணி. அருவங்காட்டில் மத்திய அரசுத் தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் பிரிவில் வேலை. முப்பத்தேழு வயது, அறுபத்தாறு கிலோ, மூக்கு நுனியில் கோபம். சின்ன வயதில் ஊழியர் விளையாட்டு விழாக்களில் சைக்கிள் ஓட்டி நாலாம் இடம் வாங்குவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. எந்த ஊருக்குப் போனாலும் நாலாவது. பரிசு மேடை மூன்று படியோடு முடிந்துவிடுகிறது. அதனால் எந்த போட்டோவிலும் நான் இல்லை.

ஐந்து வருடத்துக்கு முன்னால் எங்கள் நோட்டீஸ் போர்டில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தார்கள். குன்னூரில் ஒரு சைக்கிள் சங்கத்துக்கு, டேண்டம் ஓட்ட, முன்சீட்டுக்குப் பெண் தேவை. டேண்டம் என்றால் இரண்டு பேர் முன்னும் பின்னுமாக உட்கார்ந்து மிதிக்கிற நீளமான சைக்கிள். பார்வை இல்லாதவர்களுக்கான பந்தயத்தில் வீராங்கனை பின்சீட்டில் இருப்பாள், கண் தெரிந்த ஒருத்தி முன்சீட்டில். ஹேண்டில், பிரேக், கியர் எல்லாம் முன்னால் இருப்பவள் கையில். பின்னால் இருப்பவளுக்கு மிதிப்பது ஒன்றுதான் வேலை. இரண்டு பேர் மிதியும் சங்கிலியால் சேர்த்துக் கட்டியிருக்கும், ஒருத்தி சுற்றினால் மற்றவள் காலும் சுற்றியே ஆக வேண்டும். ஜெயித்தால் இருவருக்கும் மெடல் உண்டு என்று சீட்டின் கடைசி வரியில் போட்டிருந்தது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நான் போனது அந்தக் கடைசி வரிக்காகத்தான்.

பின்சீட்டுக்காரி வனிதா. அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. கொலக்கம்பை பக்கம் ஒரு எஸ்டேட்டில் தொழிலாளர் லைன் வீட்டுப் பெண். பதினொரு வயதில் கண் மங்கத் தொடங்கி, பதினாறில் வெளிச்சமா இருட்டா என்பது மட்டும் தெரிகிற அளவில் வந்து நின்றுவிட்டது. பார்வையற்றோர் விளையாட்டு விழா ஒன்றில் நின்ற இடத்திலேயே மிதிக்கிற சைக்கிளில் அவளை ஏற்றியிருக்கிறார்கள். மீட்டர் முள் கடைசி எண்ணில் போய் ஒட்டிக்கொண்டதாம். மெஷின் ரிப்பேர் என்று வேறு ஒன்றில் ஏற்றினார்களாம். அதிலும் போய் ஒட்டிக்கொண்டதாம்.

அவளை அழைத்து வந்தவர் அப்பா ராஜரத்தினம். இலங்கைத் தோட்டத்தில் பிறந்து, குடும்பத்தோடு கப்பலேறி இங்கே வந்து, நாற்பது வருடமாக எஸ்டேட்டில் மருந்தடிக்கிறவர். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தங்கச்சி, நீங்க கதைச்சுக்கிட்டே ஓட்டுங்க. பேச்சுக் குரல் கேட்டா அவளுக்குப் பயமில்ல."

"நான் திட்டிக்கிட்டே ஓட்டறவளுங்க. பரவால்லீங்களா?" என்றேன்.

"திட்டுனா இன்னும் நல்லாக் கேக்கும்," என்று பின்னாலிருந்து வனிதாதான் பதில் சொன்னாள்.

அப்படித்தான் ஆரம்பித்தோம். சாலையில் வருவதையெல்லாம் நான் முன்கூட்டியே கத்திச் சொல்ல வேண்டும். ஏத்தம், இறக்கம், குழி, வலது, மாடு. எங்கள் பக்கத்தில் மாடு என்பது பசுவாகவும் இருக்கலாம், தேயிலைக்குள்ளிருந்து இறங்கி நடுரோட்டில் நிற்கும் காட்டெருமையாகவும் இருக்கலாம். அதற்கும் ஒரு வித்தியாசம் வைத்திருந்தோம். காட்டெருமை என்றால் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன், பிரேக்கை மட்டும் பிடிப்பேன். அவளும் மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருப்பாள்.

முதல் பந்தயம் கோவையில். வளைவைச் சொல்ல ஒரு நொடி தாமதித்துவிட்டேன், இரண்டு பேரும் சாக்கடைக்குள். எழுந்து நின்று தலைக்கவசத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "அக்கா, குழின்னு சொல்லுங்க போதும். இறக்கிக் காட்ட வேண்டாம்," என்றாள். இரண்டாம் வருடம் மாநிலப் போட்டியில் மூன்றாம் இடம். மொத்தம் வந்திருந்ததே மூன்று வண்டி என்பதை நாங்கள் ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. மூன்றாம் வருடம் தேசிய அளவில் வெள்ளி. நாலாம் வருடம் தங்கம்.

தங்கம் வாங்கிய போட்டோ பேப்பரில் வந்தது. முன்னால் நான் பல்லைக் கடித்துக்கொண்டு மிதிக்கிறேன். பின்னால் என் முதுகுக்கு அப்பால் அவளுடைய ஒரு காதும் பாதித் தலைக்கவசமும் தெரிகின்றன. காந்தல் மார்க்கெட்டில் காய்கறி வாங்கப் போனால் கடைக்காரர், "ஏனுங்க இஞ்சின் அக்கா, வாங்க," என்பார். மறுத்துச் சொல்ல எனக்கு மனம் வந்ததில்லை. பேட்டி எடுக்க வந்த பெண்ணிடம், "அவளை நான் கூட்டிட்டுப் போறேன், கூட்டிட்டு வர்றேன்," என்று கூசாமல் சொன்னேன். நான் இழுக்கிறேன், அவள் வருகிறாள் என்றுதான் மனதார நம்பினேன்.

இந்த வருடம் ஆசியப் போட்டிக்கான தேர்வு எங்கள் மலையிலேயே நடக்கும் என்று அறிவித்தார்கள். பிக்கட்டி பக்கம் ஒரு மலைச்சாலை. மேலிருந்து எட்டு கிலோமீட்டர் இறக்கம், கீழே பாலத்தருகில் திருப்பம், அதே எட்டு கிலோமீட்டர் ஏற்றம். ஒவ்வொரு வண்டியாகத் தனித்தனியே விடுவார்கள், கடிகாரம்தான் எதிராளி. பெண்கள் டேண்டத்துக்கு நாற்பத்து மூன்று நிமிடம். ஒரு நொடி கூடினாலும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். எனக்கு முப்பத்தேழு வயது, இதை விட்டால் இன்னொன்று கிடையாது. நாட்டின் பெயர் போட்ட சட்டையை ஒரு தடவையாவது போட்டுப் பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு வெறியே பிடித்திருந்தது. வனிதாவுக்கு என்ன பிடித்திருந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

அன்று காலை வீரர்கள் கூட்டத்தில் ஒரு விஷயம் சொன்னார்கள். ஐந்தாவது கிலோமீட்டரில் முந்தின நாள் மழைக்குப் பாதிச் சாலை வரை மண் சரிந்து கிடக்கிறது, ஒரு வண்டி போகத்தான் இடம். அங்கே கொடியோடு ஒருவர் நிற்பார். இறங்கி வருகிற வண்டி வேகமாக வரும் என்பதால் அதற்குத்தான் முதல் வழி. ஏறி வருகிறவர் கொடியைப் பார்த்து நிற்க வேண்டும். அந்த நேரம் கணக்கில் கழிக்கப்படாது. நான் நன்றாகத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன். தலைதான் கேட்டது, கைகள் கேட்கவில்லை.

மலைச்சாலையில் வண்டி ஓட்டுகிற எவருக்கும் தெரியும், ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழி விட வேண்டும். கொழுந்து லாரியோ, அரசு பஸ்ஸோ, கேரட் மூட்டை ஏற்றிய ஆட்டோவோ, ஏறி வந்தால் நாம்தான் ஒதுங்கி நிற்போம். ஏற்றத்தில் நின்ற வண்டியை மறுபடி கிளப்புவது எவ்வளவு பாடு என்பது நின்று பார்த்தவனுக்குத்தான் தெரியும். பதினெட்டு வருடமாக இந்த மலையில் ஸ்கூட்டர் ஓட்டுகிறேன். இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவும் இல்லை, நான் யோசித்துச் செய்ததும் இல்லை.

எங்களுக்கு முன்னால் ஆண்கள் கைச்சைக்கிள் பிரிவை விட்டிருந்தார்கள். கால் வேலை செய்யாதவர்கள் மூன்று சக்கர வண்டியில் படுத்த வாக்கில் இருந்து கையாலேயே மிதியைச் சுற்றி ஓட்டுவது அது. நாங்கள் ஐந்தாவது கிலோமீட்டரை நெருங்கும்போது, மண் சரிவின் அந்தப் பக்கம் அவர்களில் ஒருவர் ஏறி வந்துகொண்டிருந்தார். யார், எந்த ஊர் என்று தெரியாது. வாய் திறந்திருக்கிறது, கழுத்து நரம்பெல்லாம் புடைத்திருக்கிறது, இரண்டு கையும் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. கொடிக்காரர், சமவெளியிலிருந்து வந்த கல்லூரி மாணவர், அவரை நிற்கச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு எங்களைப் பார்த்து வா வா என்று கொடியை வீசுகிறார்.

நான் பிரேக்கைப் பிடித்தேன். ஓரம் கட்டினேன். காலை ஊன்றினேன். லாரிக்காரருக்குக் காட்டுவது போல, "வாங்க, வாங்க," என்று கையையும் அசைத்தேன்.

அந்த மனிதர் ஒரு கணம் நம்பாமல் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு ஏறத் தொடங்கினார். அந்த இடைவெளியை அவர் கடந்து முடிக்க எவ்வளவு நேரம் ஆயிற்று என்று இன்றைக்கும் தூக்கத்தில் எண்ணுகிறேன். கொடிக்காரர் தலையில் கையை வைத்துக்கொண்டு "கோ, கோ!" என்று கத்தினார்.

"என்னக்கா, மாடா?" என்றாள் வனிதா.

"இல்ல கண்ணு. ஒருத்தரு ஏறி வர்றாரு."

"ஓ. ஏறி வந்தா நிக்கத்தானே வேணும்," என்று பின்னால் நிம்மதியாக மூச்சை விட்டாள்.

அடுத்த நொடி இரண்டு பேருக்கும் ஒன்றாக உறைத்தது.

"ஐயோ அக்கா, இது ரேஸு!"

கிளம்பினோம். இருபத்தொரு நொடி போயிருந்தது, அது பிறகு தெரிந்த கணக்கு. மீதி இறக்கம் முழுக்க நான் என்னையே திட்டிக்கொண்டு வந்தேன். சட்டை போச்சு, என் அறிவுகெட்ட கையால் போச்சு என்று அழுகையும் ஆத்திரமுமாக வந்தது.

பாலத்தைச் சுற்றித் திரும்பியதும் அடுத்த தப்பைச் செய்தேன். போன இருபத்தொரு நொடியை உடனே, அங்கேயே, கடன்காரி மாதிரிப் பிடுங்கிவிட வேண்டும் என்று எழுந்து நின்று மிதித்தேன். இரண்டு கிலோமீட்டர் பேய் மாதிரி மிதித்தேன். வனிதா, "மெதுவாக்கா, இன்னும் நெறையா இருக்கு," என்றாள். "நீ வாய மூடிட்டு மிதி புள்ள," என்றேன். மூன்றாவது கிலோமீட்டரில் இடது தொடை இறுகிப் பிடித்துக்கொண்டது. சமாளிப்பதற்குள் வலது தொடையும். கால் இரண்டும் மரக்கட்டை. மிதியை அழுத்தச் சொன்னால் வலி மண்டைக்கு ஏறுகிறதே தவிர கால் அசையவில்லை.

அவ்வளவுதான், வண்டி நின்றுவிடும் என்று நினைத்தேன். இனி பாதி பலம் இல்லை. போதாதற்கு அறுபத்தாறு கிலோ சும்மா உட்கார்ந்திருக்கிறது. ஏற்றமோ மூச்சு விட இடம் தராத ஏற்றம். வண்டி தள்ளாடியது.

"கால் புடிச்சிருச்சு வனிதா," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"தெரியுதுக்கா. காலை எதிர்க்காம வச்சிருங்க. நீங்க ரோட்ட மட்டும் சொல்லுங்க."

பிறகு என் கால்கள் சுற்றத் தொடங்கின. நான் சுற்றவில்லை. என் பாதத்தை யாரோ கீழிருந்து எடுத்து மேலே கொண்டுபோய், அங்கிருந்து கீழே கொண்டுவந்து, மறுபடி மேலே கொண்டுபோனார்கள். அவசரம் இல்லை, தடுமாற்றம் இல்லை. தள்ளாடிய வண்டி நிமிர்ந்தது. நிமிர்ந்து, கொஞ்சம் கொஞ்சமாக வேகம் எடுத்தது.

அந்த மிதி வழியாகத்தான் அவள் பலம் என்ன என்று முதல் தடவையாக எனக்குத் தெரிந்தது. ஐந்து வருடமாக அது என் பலத்தோடு கலந்தே வந்திருந்தது, எல்லாவற்றையும் என்னுடையது என்று எடுத்துக்கொண்டிருந்தேன். இப்போது என்னுடையது என்று ஒரு துளி இல்லை. இருந்தும் வண்டி போகிறது. எங்கள் மலை ரயிலில் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை இஞ்சின் பின்னாலிருந்துதான் தள்ளிக்கொண்டு வரும். பிறந்ததிலிருந்து பார்க்கிற ரயில். ஆனாலும் ஒரு ஆள் என்னை இஞ்சின் என்று கூப்பிட்டதும் பல்லை இளித்துக்கொண்டு நின்றேனே என்று வெட்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது. என் முதுகுக்குப் பின்னால் இப்படி ஒன்று இத்தனை நாள் உட்கார்ந்திருந்ததா என்று உடம்பு சிலிர்த்தது.

"குழி, இடது," என்றேன். வண்டி குழியைத் தாண்டியது. "ஏத்தம் இன்னும் கூடுது." அவள் மூச்சு ஒரே சீராகக் கேட்டது, பெரிய மூச்சு, இழுத்து விடுகிற ஒவ்வொன்றும் என் கழுத்தில் சுட்டது.

திரும்பிப் பார்க்க ஆசையாக இருந்தது. முன்சீட்டுக்காரி திரும்பக் கூடாது, திரும்பினால் விழ வேண்டியதுதான். யோசித்துப் பார்த்தால், ஐந்து வருடத்தில் அவள் பந்தயத்தில் மிதிப்பதை நான் ஒரு தடவை கூடப் பார்த்ததில்லை. அன்று சாலையோரம் நின்றவர்களின் முகத்தில்தான் பார்த்தேன். தேயிலைக்குள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் வேலையை விட்டுவிட்டுச் சாலை விளிம்புக்கு வந்து நின்றார்கள். எங்கள் ஆட்கள் சைக்கிள் பந்தயம் என்றால் சீட்டியும் கூச்சலுமாகக் கொட்டம் அடிப்பவர்கள். யாரும் கத்தவில்லை. என்னை யாரும் பார்க்கவும் இல்லை. எல்லார் கண்ணும் என் தோளைத் தாண்டிப் பின்னால் இருந்தது. ஒரு அம்மாள் கூடையை இறக்கி வைத்துவிட்டு இரண்டு கையையும் மார்பில் சேர்த்துக்கொண்டாள். கோயிலில் தேர் திரும்பும்போது எங்கள் ஊர்ப் பெண்கள் அப்படி நிற்பார்கள்.

கடைசி இரண்டு கிலோமீட்டர் செங்குத்து. அங்கே வந்ததும் கியரை இளக்கிக் கொடுக்கலாம் என்று விரலைக் கொண்டுபோனேன்.

"வேணாங்கா. கியரை ஒண்ணு கூட்டுங்க."

"என்னது?"

"கனமா வைங்க. இப்ப லேசா இருக்கு, வீணாச் சுத்துது."

ஏற்றத்தில் எல்லாரும் கியரை இளக்கத்தான் செய்வார்கள். எனக்குத்தான் காது சரியாகக் கேட்கவில்லையோ என்று நினைத்தேன். "கூட்டுங்கக்கா!" என்று அதட்டினாள். என்னை அவள் அதட்டியது அதுதான் முதல் தடவை. கூட்டினேன். வண்டி ஒரு உதறு உதறிவிட்டு முன்னால் பாய்ந்தது. நான் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு, பிடித்துக்கொள்வது ஒன்றுதான் என் வேலை என்று ஒப்புக்கொண்டு, அழுதுகொண்டே வளைவுகளைச் சொன்னேன்.

நாற்பத்து இரண்டு நிமிடம், நாற்பத்தொன்பது நொடி.

கோட்டைத் தாண்டியதும் அவள் இறங்கி, புல்லில் உட்கார்ந்து, இருந்ததையெல்லாம் வாந்தி எடுத்தாள். வாயைக் கொப்பளித்துவிட்டு, "டீ கிடைக்குமாக்கா? ரஸ்க்கோட?" என்று கேட்டாள். நான் அவள் காலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சாதாரணக் கால். லைன் வீட்டிலிருந்து குழாயடிக்கு நூற்று நாற்பது படி என்றும், பத்து வருடமாக இரண்டு குடத்தோடு அந்தப் படியை ஏறுகிறவள் அவள் என்றும் ராஜரத்தினம் எப்போதோ சொல்லியிருக்கிறார். இந்த மலையில் அப்படி ஏறுகிறவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் யாரும் இப்படி இல்லை. இது எங்கிருந்து வந்தது என்று எனக்கு விளங்கவில்லை, இப்போதும் விளங்கவில்லை.

ஒரு மணி நேரம் கழித்துத் தேர்வுக் குழுவின் ஈவ்லின் மேடம் எங்கள் இருவரையும் கூடாரத்துக்குள் கூப்பிட்டார். தேசியப் பயிற்சியாளர், சென்னைக்காரர், சுற்றி வளைக்காதவர். இரண்டு மிதியிலும் யார் எவ்வளவு பலம் கொடுத்தார்கள் என்று அளக்கிற மீட்டர் வைத்திருந்தார்கள். கம்ப்யூட்டரில் இரண்டு கோடு ஓடியது. கடைசி ஐந்து கிலோமீட்டரில் ஒரு கோடு தரையோடு தரையாகக் கிடந்தது. அது யாருடையது என்று யாரும் சொல்லவில்லை.

"வனிதா, நீ செலக்ட் ஆயிட்டே," என்றார். "ரூல்படி வீராங்கனை நீதான். முன்சீட்டை மாத்திக்கலாம். பாட்டியாலா கேம்ப்ல ஒரு பொண்ணு ட்ரெயினிங்ல இருக்கா. இருபத்து நாலு வயசு. உமாராணியோடவே போறதுன்னாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. முடிவு உன்னுடையது."

நான் கூடாரத் துணியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஐந்து வருடம். சாக்கடையில் ஒன்றாக விழுந்திருக்கிறோம். என்னை விட மாட்டாள் என்று மனது சொன்னது. அவள், "அக்கா இல்லாம நான் போக மாட்டேன் மேடம்," என்பாள், நான் கொஞ்சம் பிகு பண்ணிவிட்டு ஒப்புக்கொள்வேன் என்று வசனம் வரைக்கும் எனக்குள் தயாராகிவிட்டது.

"அந்தப் பொண்ணு எத்தன கிலோங்க மேடம்?" என்று கேட்டாள் வனிதா.

"அம்பத்து மூணு."

"வளைவைக் கரெக்டாச் சொல்லுவாங்களா?"

"நல்லா ஓட்டுவா."

வனிதா விரலால் தன் முழங்காலில் ஏதோ கணக்குப் போட்டாள். "சரிங்க மேடம். நான் அவங்களோட ஓட்டுறேன்," என்றாள்.

சங்கத்து ஜீப்பில் திரும்பினோம். ராஜரத்தினம் முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், மகள் ஆசியப் போட்டிக்குப் போகிறாள் என்று போனில் ஊர் முழுக்கக் கூப்பிட்டுச் சொல்லிக்கொண்டு. பின்னால் நாங்கள் இருவரும். மஞ்சூர் தாண்டும் வரை வாயை இறுக்கி வைத்திருந்தேன். என் வாய் அதற்கு மேல் தாங்காது.

"ஏன் புள்ள, ஒரு வார்த்த என்னைக் கேக்கணும்னு தோணலியா உனக்கு? நின்னு வழி விட்டது தப்புத்தான். கால் புடிச்சதும் தப்புத்தான். அதுக்கு ஒரே நாள்ல தூக்கிப் போட்டுருவியா?"

"வழி விட்டதுக்கு இல்லக்கா. அங்க நானா இருந்தாலும் விட்டிருப்பேன்." அவள் என் பக்கம் திரும்பினாள். "உங்க கால் நின்னது இன்னிக்கு மட்டும் இல்லக்கா. ரெண்டு வருஷமாவே ஏத்தத்துல நான்தான் உங்களையும் சேத்து மிதிக்கிறேன். மிதியில எனக்குத் தெரியாதா?"

என் கை தானாகத் தொடையைத் தடவியது. "தெரிஞ்சா சொல்ல வேண்டியதுதானே."

"சொன்னா நீங்க போயிருவீங்க. அப்ப எனக்கு வேற ஆள் கிடையாது." என் முழங்கையைத் தேடிப் பிடித்தாள். "அக்கா, கண்ணு போனதுலேர்ந்து ஊர்ல எல்லாரும் என்கிட்ட பாவம் பாத்துத்தான் பேசுவாங்க. ஓட்டப்பந்தயத்துல நான் மெதுவா ஓடுனாலும் கை தட்டுவாங்க. நீங்க ஒருத்திதான் மொத நாளே, 'என்ன புள்ள, மிதிக்கிறயா தூங்கறயா'ன்னு திட்டுனீங்க. அன்னிக்கு ஊட்டுக்குப் போயி எவ்ளோ சந்தோஷப்பட்டேன் தெரியுமா? இப்ப நான் பாவம் பாத்து உங்களை முன்சீட்டுல வச்சுக்கிட்டேன்னா, உங்களுக்கு எப்பிடி இருக்கும்?"

எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரிந்தது. கூடாரத்தில் அவள் வேறு மாதிரிச் சொல்லியிருந்தால் நான் சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொண்டு, ஏதோ ஒரு நாள் அந்தச் சட்டையை மாட்டும்போது அதன் அர்த்தம் புரிந்து கூனிக் குறுகியிருப்பேன். அதை இவள் முழங்காலில் கணக்குப் போட்ட நேரத்துக்குள் பார்த்துவிட்டாள். ஏற்றத்தில் என் கால் தானாகச் சுற்றியபோது எனக்கு வந்த அதே சிலிர்ப்பு மறுபடியும் வந்தது. கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அழுகை மட்டும் வந்தது, அதை அவள் கேட்டுவிடக் கூடாதென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"அக்கா, அந்தப் பொண்ணுக்குத் தமிழ் தெரியாதாம். உங்களுக்குத்தான் ஃபேக்டரியில இந்தி வருமே. குழிக்கு என்ன?"

எங்கள் தொழிற்சாலையில் தினம் ஒரு இந்தி வார்த்தையைப் பலகையில் எழுதிப் போடுவார்கள். பதினெட்டு வருடமாக அதைப் பார்த்து முகத்தைச் சுளித்துக்கொண்டு உள்ளே போகிறவள் நான்.

"கட்டா," என்றேன்.

"வளைவுக்கு?"

"மோட்."

"வலதுக்கு?"

"தாயே."

"தாயேவா?" அவள் வாய்விட்டுச் சிரித்தாள். "வலப்பக்கம் திரும்புறப்பெல்லாம் அந்தப் பொண்ணு பிச்சை கேக்குற மாதிரியே இருக்குமேக்கா!"

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மூக்கைத் துடைத்துக்கொண்டேன். அவள் நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டு கையாலும் முன்சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"வரிசையாச் சொல்லுங்க. ரோட்டுல என்ன வருதோ அதைச் சொல்லுங்க. நாளைக்கு எனக்கு யோசிக்க நேரம் இருக்காது."

ஜீப் கொண்டை ஊசி வளைவில் இறங்கத் தொடங்கியது. முன்னால் ராஜரத்தினம் போனை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். நான் குரலைச் சரி செய்துகொண்டு, அந்தப் பாட்டியாலாப் பெண் எப்படிக் கத்துவாளோ அப்படியே, சத்தமாகச் சொன்னேன்.

"மோட். தாயே."

வனிதா கண்ணை மூடிக்கொண்டு வலப்பக்கம் சாய்ந்தாள்.